வால்யூம் பூஜ்ஜியத்தில் பாடிய கார்

வொன்ஜு நகரில் எங்கள் ஹேமாரு குடியிருப்புக்குச் சங்கத் தலைவர் தேர்தல் வந்தபோது, யாரும் நிற்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். அந்தப் பதவியில் அப்படி என்ன இருக்கிறது? மாதம் ஒரு கூட்டம். கூட்டத்தில் குப்பைத்தொட்டி, ஒழுகும் குழாய், லிஃப்டை நனைத்த நாய். வேலை செய்தால் ஒரு திட்டு, செய்யாவிட்டால் இரண்டு. ஆனாலும் மனு வாங்கும் கடைசி நாள் சாயங்காலம் இரண்டு பேர் வந்து நின்றார்கள். இரண்டு பேரும் ஒரே கட்டடம். தாக் மியோங்கு நான்காம் மாடி. சொனு ஓக்ஹி அவர் தலைக்கு நேர் மேலே ஐந்தாம் மாடி.

மனுவை வாங்கியது நான். குடியிருப்பு வாசலில் இருக்கும் கடை வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், குடியிருப்பதும் இதே ஹேமாருவில்தான். முந்தைய கூட்டத்தில் தேர்தல் அதிகாரியாக யார் இருக்கிறீர்கள் என்று கேட்ட நேரத்தில் எனக்குத் தும்மல் வந்தது. மூக்குக்குப் போன கையை, மேலே தூக்கிய கை என்று எழுதிக்கொண்டார்கள்.

தாக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர்கள் பேனாவைத் திறப்பார்களாம். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் அவருடைய காது திறந்துகொண்டது. மேல் மாடியில் நாற்காலி நகர்வது, பக்கத்து வீட்டில் பூண்டு இடிபடுவது, மாடிப்படியில் யாரோ இருமுவது, எல்லாமே தனக்கு எதிராக நடப்பதாக அவருக்குத் தோன்றியது. சத்தத்தை அளக்கும் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு மாடி மாடியாக நடந்தார். 'உங்கள் தரை இன்னொருவரின் கூரை' என்று லிஃப்டில் ஒட்டினார். "சோறு தயார்" என்று சொல்லும் தன் வீட்டு ரைஸ் குக்கரின் வாயில்கூட டேப்பை ஒட்டிவிட்டார். அவர் மனைவி சுக்ஜின் அதற்கப்புறம் குக்கரைத் தொட்டுப் பார்த்துத்தான் சோறு எடுத்துவந்தார்.

ஓக்ஹி பியானோ சொல்லிக்கொடுக்கும் பெண்மணி. என் கடைக்கு மேலேதான் அவருடைய பயிற்சிப் பள்ளி. நாள் முழுக்கப் பிள்ளைகள் தப்பும் தவறுமாக வாசிப்பதைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டில் தனக்காகக் கொஞ்ச நேரம் வாசிப்பார். தாக் எழுதிய புகார்களால் அந்தக் கொஞ்ச நேரம் தேய்ந்துகொண்டே வந்து, கடைசியில் பியானோவுக்குள் கம்பளியைச் செருகிக்கொண்டு வாசிக்கும் நிலைக்கு வந்திருந்தது.

'அமைதியான ஹேமாரு' என்பதுதான் தாக்கின் தேர்தல் முழக்கம். முழக்கம் என்ற சொல் வேண்டாம், வாசகம் என்று போடுங்கள் என்று என்னிடம் திருத்தச் சொன்னார். திருத்தினேன்.

இந்தச் சமயத்தில்தான் அவர் புதுக் கார் வாங்கினார். கருநீல நிறம், நீளமான வண்டி. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களிடம் பொறியாளர்களைவிட வக்கீல்கள் அதிகம். கடையில் விற்பனையாளர், "சார், உள்ளே இருபது ஸ்பீக்கர் இருக்கு," என்று ஆரம்பித்திருக்கிறார்.

"எனக்குப் பாட்டுக் கேக்குற பழக்கம் இல்ல," என்றாராம் தாக்.

"பாட்டுக்கு இல்லைங்க சார். வெளியிலருந்து வர்ற சத்தத்துக்கு எதிரா ஸ்பீக்கரே ஒரு சத்தத்தைப் போட்டு ரெண்டையும் இல்லாம ஆக்கிடும். கோயில்ல உக்காந்த மாதிரி இருக்கும்."

சத்தத்தை ஒழிக்கச் சத்தம் போடுவது. தான் இத்தனை நாளாகச் செய்துகொண்டிருந்ததும் அதுதான் என்று தாக்குக்குப் பட்டிருக்க வேண்டும். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வண்டி வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் தூங்கி எழுந்து காப்பியை ஊற்றிக்கொண்டிருந்த நேரம். எங்கள் குடியிருப்பின் கைபேசி அரட்டைக் குழுவில் யாரோ எழுதினார்கள்: 'கீழே பார்க்கிங்கில் ஒரு கார் அலறுகிறது. யாருடையது?' அடுத்த கணமே தாக் எழுதினார். அவர் எழுதுவதற்கு எப்போதும் தயாராகவே இருப்பார். 'அடுத்தவர் அமைதியைத் திருடுபவரும் திருடர்தான். இப்படிப்பட்டவர்களின் வாகன அனுமதியை ரத்து செய்ய வேண்டும். நான் தலைவரானால் முதல் வேலை இதுதான்.' பத்துப் பதினைந்து பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஓக்ஹி மட்டும், 'வண்டி எப்படி இருக்கிறது?' என்று கேட்டார். காவலாளி ஒரு படத்தைப் போட்டார். நீளமான கருநீல வண்டி.

உயர்ந்த கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் சுக்ஜின், முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் கரடிப் பொம்மைப் படம் ஒன்றைப் போட்டார்.

தாக் வீட்டுச் செருப்போடு ஓடினார். நானும் போனேன். தேர்தல் அதிகாரிக்கு அதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், பாதிக் கட்டடம் அங்கேதான் இருந்தது. வண்டி பூட்டியிருந்தது. விளக்கு இல்லை, எஞ்சின் ஓடவில்லை. ஆனால் உள்ளே ஒரு பெண் துறைமுகத்தில் நின்று காதலனை நினைத்து அழுது பாடிக்கொண்டிருந்தாள். நடுநடுவே வழிகாட்டும் குரல் வேறு அதே உச்சத்தில், "நீங்கள் பாதையிலிருந்து விலகிவிட்டீர்கள்," என்றது. தாக் கதவைத் திறந்தார். திரை ஒளிர்ந்தது. 'ஒலி அமைப்பு அணைக்கப்பட்டுள்ளது. வால்யூம்: 0' என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அணைக்கும் பொத்தானை அழுத்தினார். சத்தம் கூடியது. வெளியே வந்து கதவைச் சாத்தினார். சத்தம் தானாகவே நின்றது.

குப்பைப் பையோடு நின்றிருந்த ஓக்ஹி சொன்னார்: "பாடுறவங்களுக்குச் சுருதி லேசா எறங்குது. ஆனா ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கருங்க, தாக் சார்."

மறுநாள் தாக் சர்வீஸ் சென்டருக்குப் போனார். அங்கே பியோ என்று ஓர் அதிகாரி. அவ்வளவு பணிவான மனிதரை நான் பார்த்ததில்லை. பிறகு ஒருமுறை தாக்கோடு போயிருந்தபோது எனக்கே இரண்டு முறை காப்பி கொடுத்தார். வண்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு அவர் தாக்கிடம் குனிந்து சொன்னது இது:

"ஐயா, வண்டியில ஒரு குறையும் தெரியலைங்க."

"நான் கேட்டேனே. எங்க கட்டடமே கேட்டுச்சே."

"கண்டிப்பா கேட்டிருப்பீங்கய்யா. ஆனா வண்டி தன் நினைவுல அதைப் பதிஞ்சு வைக்கல. வண்டியைப் பொறுத்தவரைக்கும் அது பாடவே இல்ல."

"அப்ப யார் பாடினது?"

"அதைத்தான் நாங்களும் பாக்கணும்கிறோம். சத்தம் வரும்போது இங்க கொண்டு வாங்க. முடியலைன்னா வீடியோ எடுத்து அனுப்புங்க."

அதிலிருந்து தாக்கின் பிழைப்பு வீடியோ எடுப்பது என்றானது. மதியச் சாப்பாட்டையே பார்க்கிங்குக்குக் கொண்டுபோய்விட்டார். முன் இருக்கையில் அவர், பக்கத்தில் சுக்ஜின், மடியில் கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டைகள், கையில் கைபேசி. வண்டி வாயைத் திறக்காது. கைபேசியைப் பைக்குள் போட்டால் பேய் பிடித்த மாதிரி ஏதாவது தொடங்கும்: பாதி வானிலைச் செய்தி, பாதி சீன மொழிப் பாடம், ஒருமுறை முன்பக்கமிருந்து ஆட்டுக் கத்தல். எடுத்து நீட்டினால் நின்றுவிடும்.

"கேமராவைப் பாத்தா கூச்சப்படுதுங்க," என்றார் சுக்ஜின். "நம்ம கல்யாணத்துல நீங்களும் இப்படித்தான் இருந்தீங்க."



பார்க்கிங்கோடு போயிருந்தால் பரவாயில்லை. அவருடைய பழைய இயக்குநரின் தாயார் காலமானார். ஆஸ்பத்திரியை ஒட்டிய மண்டபத்துக்குத் துக்கம் கேட்கப் போனார்கள். கறுப்புக் கோட்டு, துக்கப் பணம் வைத்த வெள்ளை உறை, எல்லாம் முறையாக. ஓய்வுக்குப் பிறகு பழைய அலுவலக ஆட்கள் எல்லோரையும் அவர் ஒன்றாகப் பார்க்கப் போவது அன்றைக்குத்தான். சாம்பிராணி வைத்து, படத்தின் முன்னால் நெற்றி தரையில் படக் குனிந்த அந்த நேரம், வெளியே வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து பொரித்த கோழி விளம்பரம் வந்தது. மொறுமொறு என்று ஒரு குழந்தை சொன்னது. ஒன்று வாங்கினால் அரைக் கோழி இலவசம் என்று ஒரு பெரியவர் சொன்னார். நிமிர்வதா, குனிந்தே இருப்பதா என்று தாக்குக்குத் தெரியவில்லை. குனிந்தே இருந்தார். மற்றவர்கள் அதைப் பெரிய துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது இயக்குநர் அவர் தோளைத் தட்டினார். "தாக், வேற வேலை எதுவும் கிடைச்சிருக்கா? கோழி வியாபாரமா?"

அந்த வாரமே வண்டியைச் சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு வந்தார். அங்கே அது ஒரு துறவியைப் போல மௌனமாக இருந்தது. திரும்பி வந்தபோது கூடவே தலைமை அலுவலகத்தின் பதிலும் வந்தது. 'தாங்கள் குறிப்பிட்ட நிகழ்வு உறுதி செய்யப்படவில்லை. உறுதி செய்யப்பட்டிருப்பினும் அது குறைபாடு அல்ல, பொருளின் இயல்பு ஆகும்.' தாக் அதை என் கடைக்குக் கொண்டுவந்து, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு தொழில்காரரின் மரியாதை தெரிந்தது.

"நல்லா எழுதியிருக்கான். எங்க ஆபீஸ்ல இவனை மாதிரி ஒருத்தன் இருந்திருந்தா பாதி வழக்கு வந்தே இருக்காது," என்றார்.

சுக்ஜினுடைய அக்கா வேறு வழி சொன்னாள். புது வண்டிக்குப் பூசை போடவில்லை, அதுதான் காரணம் என்றாள். தாக் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரிந்து, அவருக்குத் தெரியாமல் டயருக்கு அரிசிக் கள்ளை ஊற்றி, நூல் சுற்றிய காய்ந்த மீன் ஒன்றை டிக்கியில் வைத்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. வண்டிக்குள் மீன் வாடை சேர்ந்தது. தாக் அதற்கும் பியோவுக்குப் போன் செய்தார். அந்த வாடையும் உறுதி செய்யப்படவில்லை.

குடியிருப்பின் மேலாளர் மா, வேட்பாளர் என்ற மரியாதைக்காகத் தாக்குக்கு ஓர் ஏற்பாடு செய்துகொடுத்தார். மேலே வீடு எதுவும் இல்லாத மூலை ஒன்று பார்க்கிங்கில் இருந்தது. பொதுக்கூட்ட அறையின் கதவை ஒட்டிய இடம். "இங்க நிறுத்துங்க சார். இங்க கத்தினா யாருக்கும் கேக்காது," என்றார். அது உண்மைதான், கூட்டம் நடக்காத நாட்களில்.

வேட்பாளர்கள் பேசும் கூட்டத்தை ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வைத்தோம். நல்ல கூட்டம். தேன் ஊற்றிய அரிசிக் கேக் கொடுக்கிறோம் என்று நான் குழுவில் எழுதியிருந்தேன். மேலாளர் மா முன் வரிசையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓக்ஹி முதலில் பேசினார். குழந்தைகள் ஓடத்தான் செய்வார்கள், பியானோ கேட்கத்தான் செய்யும், சத்தமே வேண்டாம் என்றால் மலைக்கு மேலே போய் இருக்கலாம் என்றார். கைதட்டினார்கள். தாக்கின் முகம் சிறுத்துவிட்டது. "ஒரு நிமிஷம், போன் பேசிட்டு வந்துடறேன்," என்று வெளியே போனார். பார்க்கிங்கின் மறுகோடியில், தூணுக்குப் பின்னால், யாருக்கும் கேட்காத இடத்தில் நின்று, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

நாங்கள் கேக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தோம். கதவுக்கு வெளியே அந்தக் கருநீல வண்டி லேசாகத் தொண்டையைச் செருமியது. பிறகு, அதோடு இணைத்திருந்த கைபேசி வழியாகத் தாக்கின் குரல், ஒவ்வொரு மூச்சும் கேட்கும்படி, இருபது ஸ்பீக்கரிலும் வந்தது.

"சுக்ஜின், இங்க எனக்கு ஒண்ணும் சரியாப் படல."

"எத்தனை பேர் வந்திருக்காங்க?" இது சுக்ஜின். பின்னால் எண்ணெயில் எதுவோ பொரியும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது.

"அறை நெறஞ்சு இருக்கு. பாதிப் பேர் கேக்குக்கு வந்தவங்க."

கேக்கைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். நான் எழுந்தேன். அந்த வண்டியை நிறுத்த என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. செய்யத் தெரிந்திருந்தாலும் செய்திருப்பேனா என்பது வேறு கேள்வி. யாரோ என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"அந்த மா வந்திருக்கானா?"

"முன் வரிசையில மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கான். வருஷா வருஷம் பார்க்கிங்ல நல்லா இருக்கிற கோட்டுமேலயே திரும்பக் கோடு போட வைக்கிறான். பெயிண்ட் அடிக்கிறவன் இவன் மச்சான். எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"அதை மேடையில சொல்லுங்களேன்."

"சொன்னா சண்டை வரும். சேவை, அமைதின்னு நாலு வார்த்தை பேசிட்டு எறங்கிடறேன்."

"ஏங்க, நான் கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. எஞ்சின் அணைச்ச காரையே உங்களால பேசாம இருக்க வைக்க முடியல. எட்டுக் கட்டடத்தை எப்படிங்க வைக்கப் போறீங்க?"

அறையில் சிரிப்பு எழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அடுத்த வரி தப்பிவிடக் கூடாதே என்று. மேலாளர் மா மட்டும் காலை மடக்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. வண்டி மறுபடி கூச்சப்படுகிறதோ என்று நினைத்தேன். அப்புறம் தாக் பேசினார். குரல் மாறியிருந்தது.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. ரிடையர் ஆனதுலருந்து என் போன் அடிக்கறதே இல்ல. போன வாரம் ஒரு கால் வந்துச்சு. இன்சூரன்ஸ் விக்கிற பொண்ணு. எங்க கம்பெனிதான். அதுகிட்ட ரொம்ப நேரம் பேசினேன். என் பேரைச் சொன்னேன், அதுக்குத் தெரியல. எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க சார்னு கேட்டுச்சு. தலைவரானா நாலு பேர் குழாய் ஒழுகுதுன்னாவது கூப்பிடுவாங்கல்ல?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கேக்கைப் பார்த்துக்கொண்டார்கள்.

"மேல்வீட்டு டீச்சரம்மா எப்படிப் பேசினாங்க?" என்றார் சுக்ஜின், பேச்சை மாற்றுவதுபோல.

"நல்லாப் பேசினாங்க. அவங்க வாசிப்பும் நல்லாத்தான் இருக்கும்னு நெனைக்கறேன். அந்தக் கம்பளியை வெச்சதுலருந்து என்ன பாட்டுன்னே பிடிபட மாட்டேங்குது. பாதி காதுல விழுது, பாதி விழ மாட்டேங்குது. அதுதான் எனக்கு எரிச்சல்."

"கம்பளி வைக்கச் சொன்னதே நீங்கதானே. சரி, சீக்கிரம் முடிச்சிட்டு வாங்க. மீன் ஆறிடும்."

ஓக்ஹி தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாக் உள்ளே வந்தார். மேடையேறி, கோட்டைச் சரிசெய்துகொண்டு, ஒலிபெருக்கி வேண்டாம் என்று தள்ளி வைத்தார். "அன்பான குடியிருப்பாளர்களே, பதவி ஆசையால் நான் இங்கே நிற்கவில்லை. சேவை ஒன்றுதான்..." என்று தொடங்கினார். யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. மேலாளர் மா எழுந்து வெளியே போனார். கடைசி வரிசையிலிருந்து ஒருவர், அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று நம்புகிறேன்: "சார், மீன் ஆறிடும். வீட்டுக்குப் போங்க."

தாக் அவரைப் பார்த்தார். கதவு வழியே வண்டியைப் பார்த்தார். தன் கையில் இருந்த கைபேசியைப் பார்த்தார். பிறகு குனிந்து முறையாக வணக்கம் சொல்லிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறிப் போனார்.

அடுத்த நாள் எனக்குச் செய்தி வந்தது: மனுவைத் திரும்பப் பெறுகிறேன், கையெழுத்து வாங்கிக்கொள்ளவும். காகிதத்தோடு போனேன். சுக்ஜின் கதவைத் திறந்தார். தாக் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். எனக்கு முதுகுதான் கிடைத்தது. சுக்ஜின் பேரிக்காய் நறுக்கி வைத்தார். நான் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. ஓக்ஹி, காலடிச் சத்தம் கீழே கேட்காமலிருக்கப் போட்டுக்கொள்ளும் தடித்த வீட்டுச் செருப்போடேயே மாடியிறங்கி வந்திருந்தார்.

"கண்ணாடிக்காரரே, அந்தக் காகிதத்தை உள்ள வைங்க," என்றார் உட்காருவதற்கு முன்பே. "தாக் சார், நீங்க விலகினா போட்டியே இல்லாம நான்தான் தலைவி. எனக்கு அந்த வேலை வேணாம்."

முதுகு திரும்பியது. "வேணாம்னா ஏன் நின்னீங்க?"

"நீங்க நின்னீங்களே. நீங்க ஜெயிச்சா என் பியானோவைத் தூக்கி வெளிய வெச்சிடுவீங்கன்னு நின்னேன். எனக்கு நாள் முழுக்க எண்பது பிள்ளைங்க கத்துறது போதாதா, உங்க குப்பைத்தொட்டிச் சண்டையும் கேக்கணுமா?"

"நேத்து நடந்ததுக்கப்புறம் எனக்கு யார் ஓட்டுப் போடுவாங்க?"

"எல்லாருமே போடுவாங்க. கோடு போடுற கதையைச் சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

"நான் எங்க சொன்னேன்? நான் சொல்ல மாட்டேன்னுதானே சொன்னேன்."

"அதெல்லாம் யாரு கவனிச்சாங்க," என்றார் சுக்ஜின், பேரிக்காய்த் தட்டை நகர்த்தியபடி. "சத்தமாக் கேட்டுச்சில்ல. அது போதும்."

தாக் ஒரு பேரிக்காய்த் துண்டை எடுத்துக்கொண்டார். பிறகு, ஓக்ஹியைப் பார்க்காமல், "அந்தக் கம்பளி..." என்றார்.

"எடுத்துட்டேன்," என்றார் ஓக்ஹி. "ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தி ஒரு மணி நேரம். அதுக்கு மேல வாசிச்சா போன் பண்ணுங்க, நிறுத்திடறேன்."

"போன் பண்றேன்," என்றார் தாக். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது மாதிரி இருந்தது. நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஓக்ஹி தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். எண்ணியது நான், ஆனால் இதை வெளியே சொல்லக் கூடாது. தாக் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். நியாயமானவர், ஒளிவுமறைவு இல்லாதவர், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்பவர் என்று குழுவில் அவரைப் புகழ்ந்து எழுதினார்கள். அந்த வருடம் பார்க்கிங்கில் கோடு போடவில்லை. மேலாளர் மா, புதுத் தலைவருக்கு ஒரு கூடை ஆப்பிளோடு வந்து, அந்தக் கோடுகளைத் தானே நெடுநாளாகச் சந்தேகப்பட்டு வந்ததாகச் சொன்னார்.

தலைவரின் கைபேசி விடாமல் அடித்தது. முதல் மாதம் அவர் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவார். நான் அவர் வீட்டில் இருந்த ஒரு நாள் இன்னொரு கட்டடத்து அம்மாள் ஒருவர் கூப்பிட்டு, குளியலறைக் கூரை ஒழுகுகிறது என்றார். தாக் மிகுந்த பணிவோடு கேட்டுக்கொண்டார். "இப்ப ஒழுகுதாம்மா? இல்லையா? சரி. ஒழுகும்போது ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க, பாத்துடலாம்," என்றார். வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். சுக்ஜின் ரைஸ் குக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வண்டியின் கதை அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. நிறுவனம் எல்லா வண்டிகளுக்கும் புது சாஃப்ட்வேர் அனுப்பியது. 'கேட்கும் அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று திரையில் வந்தது. அன்றிலிருந்து வண்டி ஊமையாகிவிட்டது. பாட்டு இல்லை, கோழி இல்லை, வழிகாட்டும் பெண் இல்லை. பின்னால் எதையாவது இடிக்கப் போகிறோம் என்றால் கூவ வேண்டிய எச்சரிக்கை ஒலியும் இல்லை. தாக் கூட்ட அறைக்குப் பக்கத்துத் தூணில் வண்டியை நிதானமாகக் கொண்டுபோய் மோதினார். பியோ வந்து நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஐயா, முன்னாடி சத்தம் அதிகமா வருதுன்னு சொல்லியிருந்தீங்க."

"ஆமா."

"இப்ப வரல."

"ஆமா."

"அப்ப உங்க புகார் தீர்ந்துடுச்சுன்னு போட்டுடவாங்கய்யா?"

தாக் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பேருமே, ஏனென்று தெரியாமல், ஒருவரை ஒருவர் பார்த்துக் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். இவ்வளவுக்கும் காரணம் என்ன என்று அந்த நிறுவனத்தில் ஒருவரும் கடைசிவரை சொல்லவில்லை. தெரிந்திருந்து சொல்லாமல் விட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

வசந்தத்தில் வண்டியை விற்றுவிட்டார். வாங்க வந்தவனிடம் பாட்டு, துக்க வீடு, கூட்டம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். அவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா அமைதியா இருக்கே சார்," என்று எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பதில் தாக் வாங்கியது பழைய சின்னக் கார். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். ரேடியோ இருந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் இருக்கிறது.

போன மாதம் லென்ஸ் வாங்க நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. தாக் தானும் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று ஏற்றிக்கொண்டார். எஞ்சின் இரைச்சல், கதவுகளின் ஆட்டம், ஜன்னல் வழியாகக் காற்று, எதிரே லாரிகள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது இன்னொரு சத்தமும் கேட்டது. வண்டியில் இன்னும் ஏதோ கழன்றுவிட்டது என்று பயந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். தாக் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். ஓக்ஹி சாயங்காலங்களில் வாசிக்கும் பாட்டு. இரண்டே வரிகள், திரும்பத் திரும்ப, சுருதி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. தான் பாடுவது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.